எம்.சி.ஓ.பி. கட்டு கட்டுவது எப்படி? விபத்து இழப்பீட்டு வழக்குக்குப் புதிதாக வரும் வழக்கறிஞர்களுக்கு

விபத்து வழக்குக்காக அலுவலகம் தேடி வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். உள்ளே எக்ஸ்ரே, நாலாக மடித்த டிஸ்சார்ஜ் சம்மரி, எழுத்து மங்கத் தொடங்கிவிட்ட மெடிக்கல் ஷாப் பில்கள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஃப்.ஐ.ஆரின் பாதி தெரியும் பிரிண்ட். சீனியர் பையை உங்கள் பக்கம் தள்ளி, "இதைப் பாருப்பா" என்பார். அங்கிருந்து, இழப்பீட்டுப் பணம் மனுதாரரின் வங்கிக் கணக்கில் ஏறும் வரைக்குமான வேலை இங்கே சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான் எழுதியிருக்கிறோம்.

எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள் நுணுக்கமான சட்டப் புள்ளியில் தோற்பது குறைவு. தேதி, வயது, வருமானம், வாகன எண் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று இரண்டு காகிதங்களில் இரண்டு விதமாக இருக்கும். தொகை அங்கேதான் கரையும். முதல் மூன்று மாதத்தில் கவனித்தால் இதைச் சரிசெய்யலாம். குறுக்கு விசாரணையில் மாட்டிய பிறகு சரிசெய்ய வழியில்லை.

முதல் நாளே கேட்க வேண்டியவை

விபத்து நடந்த தேதி என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவுப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2019 திருத்தச் சட்டத்தில் வந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1994-க்குப் பிறகு காலக்கெடுவே இல்லாத வழக்கு வகை இது என்பதால், பழைய பழக்கத்தில் "மெதுவாகப் போடலாம்" என்று சொல்லும் சீனியர்கள் இன்னும் உண்டு. கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அதன் பேரில் மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. அந்த உத்தரவைக் காலம் கடந்து வரும் கட்சிக்காரருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முடியாமல் வருகிறவரின் மனுவை ஐந்தாவது மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். காகிதம் ஒன்றிரண்டு குறைந்தாலும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, விபத்தின்போது அவர் வேலையில் இருந்தாரா? லாரி ஓட்டுநரோ கிளீனரோ பணியின்போது அடிபட்டிருந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப்படியும் கேட்கலாம், மோட்டார் வாகனச் சட்டப்படியும் கேட்கலாம். ஆனால் 167-ஆவது பிரிவு இரண்டில் ஒன்றைத்தான் அனுமதிக்கிறது. வேறு யாராவது ஏற்கெனவே அவரிடம் கையெழுத்து வாங்கித் தொழிலாளர் துறையில் மனு போட்டிருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள். கட்சிக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது.

வேறு கோர்ட்டில் இதே விபத்துக்கு மனு போட்டிருக்கிறதா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த ஊர், மனுதாரர் வசிக்கும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் என எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்று 166(2) சொல்கிறது. அண்ணன் ஓர் ஊரிலும் மனைவி இன்னோர் ஊரிலும் தனித்தனியாகப் போட்டுவிடுவது இதனால்தான். சென்னையில் இந்த மனுக்களைச் சிறுவழக்கு நீதிமன்றம் விசாரிக்கிறது. மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், இதற்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றங்கள்.

காகிதம் சேர்ப்பது

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கியவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள்: சம்பவ நேரம், புகார் கொடுத்த நேரம், வாகன எண். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(அ), 125(ஆ), 106(1) பிரிவுகள் இருக்கும். அதற்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338, 304(அ). புகார் இரண்டு நாள் தாமதம் என்றால் ஏன் என்பதற்கு மருத்துவமனைக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆரில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்றிருந்து, இருபது நாள் கழித்து ஒரு வண்டி எண் உள்ளே வந்தால், "வண்டியைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள்" என்றுதான் காப்பீட்டு நிறுவனத்தின் எதிர்வுரை தொடங்கும். அந்த எண் எப்படித் தெரியவந்தது, யார் சொன்னது, சிசிடிவி இருந்ததா என்பதைக் குற்றப்பத்திரிகையில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் சாட்சியாவது வேண்டும்.

எஃப்.ஐ.ஆரைவிட ஆபத்தான காகிதம் ஒன்று உண்டு. அது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அடிபட்டவரைத் தூக்கி வந்த யாரோ ஒருவர் சொன்னதைக் கேஷுவாலிட்டி டாக்டர் ஒரே வரியில் எழுதியிருப்பார். அந்த வரியில் "பைக்கிலிருந்து தானாக விழுந்தார்" என்றோ "மது வாடை இருந்தது" என்றோ இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைச் சிவப்பு மையால் கோடிட்டுத்தான் வருவார். இந்த நகலை மனு போட்ட பிறகு வாங்குவது பலர் செய்யும் தவறு. மனு வரைவதற்கு முன்பே படித்துவிட்டால், விவரம் சொன்னவர் சம்பவத்தைப் பார்க்காதவர் என்பதை மனுவிலேயே சொல்லி வைக்கலாம். நேரில் பார்த்தவரை இரண்டாவது சாட்சியாகத் தயார் செய்யலாம். ரத்தப் பரிசோதனை இல்லாத வெறும் வாடைக் குறிப்பு மட்டுமே மனுதாரரின் கவனக்குறைவை நிரூபித்துவிடாது. ஆனால் அந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போக வேண்டும்.

மற்றவை: சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், பார்வை மகஜர் (போலீஸ் அந்த இடத்தைப் பார்த்து எழுதியது), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, காயம் என்றால் காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள். இவற்றில் புதியவர்கள் படிக்காமல் விடுவது ஆய்வாளர் அறிக்கை. மனுதாரரின் பைக் பின்பக்கம் நசுங்கியிருக்கிறதா, முன்பக்கமா என்பதை அதுதான் சொல்லும். லாரி பின்னால் வந்து மோதியது என்று மனுவில் எழுதிவிட்டு, அறிக்கையில் "முன் ஃபோர்க் வளைந்துள்ளது" என்றிருந்தால் கவனக்குறைவில் பங்கு போட்டுவிடுவார்கள். வரைபடத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விபத்து நடந்த விதத்தை எழுத வேண்டும்.

2022 முதல் உள்ள மத்திய விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு (இந்த மனுக்களை விசாரிக்கும் மேற்சொன்ன நீதிமன்றத்துக்கு) அனுப்ப வேண்டும். 2022 டிசம்பரில் கோகர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களுக்கும் வலியுறுத்தியது. 166(4) படி அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கெடு போய்விடும். ஸ்டேஷன் ரைட்டரிடம் அறிக்கை போனதா என்று கேட்டுக்கொண்டே உங்கள் மனுவையும் தயார் செய்யுங்கள்.

வயதுக்கு ஆதாரம் எது என்பதில் சண்டையே நடக்கும். ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது, பள்ளி மாற்றுச் சான்றிதழே மேல் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாரில் வெறும் "1988" என்று ஆண்டு மட்டும் இருக்கும் அட்டைகள் நம் கிராமங்களில் ஏராளம். டி.சி. இருக்கிறதா என்று வீட்டில் பெட்டியைத் திறந்து தேடச் சொல்லுங்கள்.

வருமானத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, படிவம் 16, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை என எது கிடைத்தாலும் எடுங்கள். விபத்துக்குப் பிறகு தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கை நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கடை முதலாளி லெட்டர்பேடில் தரும் சம்பளச் சான்று, அந்த முதலாளியைக் கூண்டில் ஏற்றாவிட்டால் வெறும் காகிதம். அவர் வருவாரா, சம்பளப் பதிவேடு கொண்டுவருவாரா என்று கேட்ட பிறகே அந்தச் சான்றைக் கட்டில் சேர்க்கவும்.

பில்களை ஒரு நாள் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கி, வெள்ளைத் தாளில் ஒட்டி, மொத்தத்தை டைப் செய்யுங்கள். தெர்மல் பேப்பர் பில் ஒரு வருடத்தில் வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடியுங்கள். மருந்துச் சீட்டு இல்லாத பில் அடிபடும். மெடிக்ளெய்மில் பணம் வாங்கிய பில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போன செலவு, 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு நடந்த இலவச சிகிச்சை ஆகியவற்றைத் தனியாகப் பிரியுங்கள். அவர் கையிலிருந்து போகாத பணத்தைக் கேட்டு மாட்டிக்கொண்டால் உண்மையான பில்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பாலிசியைப் படிப்பது

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம், பாலிசி முடியும் தேதி தெரியும். அது தொடக்கம்தான். பாலிசி நகலைக் காவல் நிலையக் கட்டிலிருந்து வாங்கி, தொடங்கும் தேதியோடு மணியையும் பாருங்கள். காலை பத்து மணிக்கு மோதிவிட்டு மதியம் மூன்று மணிக்கு பாலிசி எடுத்த வண்டிகள் உண்டு. பிரீமியத்துக்குக் கொடுத்த செக் திரும்பியதா, திரும்பியிருந்தால் விபத்துக்கு முன்பே ரத்து அறிவிப்பு போனதா என்பது அடுத்த கேள்வி.

பாலிசியின் வகை இன்னும் முக்கியம். ஆக்ட் ஒன்லி பாலிசி சாலையில் போகும் மூன்றாம் நபருக்குத்தான் பொறுப்பேற்கும். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவர் அந்த பைக்கின் ஆக்ட் ஒன்லி பாலிசியில் கேட்க முடியாது. பேக்கேஜ் பாலிசி (சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்த முழுக் காப்பீடு) என்றால் முடியும். சரக்கு வண்டியில் ஓசியில் ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது 2002-லேயே முடிந்துபோன விஷயம். கோயில் திருவிழாவுக்கு மினி லாரியில் போய்க் கவிழ்ந்த வழக்குகளில் மனுதாரர் நெஞ்சைத் தட்டி அழுதாலும் இந்தச் சுவரில் முட்டித்தான் நிற்க வேண்டும். பொருளோடு போன பொருளின் சொந்தக்காரர் என்றால் நிலைமை வேறு. அதைப் பொய்யாக எழுதச் சொல்லும் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வண்டியை ஓட்டிப் போய்த் தானே விழுந்த உரிமையாளருக்கு 166-இல் வழியில்லை. அவருடைய பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்த்திருந்தால், இறப்புக்கு 15 லட்சம் நேராக நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வருகிற மனைவிக்கு இது தெரியாது.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுவது நம் ஊர் வழக்கம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் முடிவாகிவிட்டது. "நான் வித்துட்டேன் சார்" என்று சொல்பவரையும் கட்சியாகச் சேருங்கள், வாங்கியவரையும் சேருங்கள்.

ஓட்டுநருக்கு உரிமம் இல்லை, அல்லது வேறு வகை உரிமம் என்பது நிறுவனத்தின் வழக்கமான தற்காப்பு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்த பிறகு இந்தத் தற்காப்பில் பாதி போய்விட்டது. உரிமமே இல்லாத வழக்கில், ஸ்வரன் சிங் தீர்ப்பின் வழியில், நிறுவனம் முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற உத்தரவைக் கேளுங்கள். கோர்ட் வளாகத்தில் "பே அண்ட் ரிகவர்" என்று காதில் விழுவது இதுதான்.

இடித்த வண்டியே தெரியவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் வேலையில்லை. 161-ஆவது பிரிவின் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்க் கோட்டத்தில் உள்ள விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பம் போக வேண்டும். 164-இல் தவறு யாருடையது என்று பார்க்காமல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் உண்டு. ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். 34 வயதுக்காரர் இறந்த வீட்டில் அவசரத்துக்கு 5 லட்சத்தை வாங்கிக்கொண்டால் எவ்வளவு போகும் என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

கணக்கு

34 வயதுக் கொத்தனார் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சுயதொழில், 40 வயதுக்குள். எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: 21,000. (40 முதல் 50 வரை என்றால் 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10. நிரந்தர வேலைக்காரருக்கு இவை 50, 30, 15.) இதில் அவருடைய சொந்தச் செலவைக் கழிக்க வேண்டும். நம்பியிருப்பவர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு, திருமணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. இங்கே நான்கில் ஒரு பங்கு போக 15,750. வருடத்துக்கு 1,89,000.

இதைப் பெருக்கும் எண் வயதைப் பொறுத்தது. 2009-இல் சரளா வர்மா தீர்ப்பு தந்த பட்டியல் இது: 15–25 வயது என்றால் 18, 26–30 என்றால் 17, 31–35 என்றால் 16, 36–40 என்றால் 15, 41–45 என்றால் 14, 46–50 என்றால் 13, 51–55 என்றால் 11, 56–60 என்றால் 9, 61–65 என்றால் 7, அதற்கு மேல் 5. நம் கொத்தனாருக்கு 16. ஆகவே 30,24,000.

இதற்கு மேல் மூன்று தலைப்புகள். 2017 அக்டோபர் 31-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு உறவிழப்புக்கு (உறவின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு) 40,000, சொத்திழப்புக்கு (இறந்தவர் இருந்திருந்தால் சேர்த்திருக்கும் சொத்துக்கு) 15,000, இறுதிச் சடங்குக்கு 15,000 என்று வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. இரண்டு முறை கூட்டினால் 48,400, 18,150, 18,150. உறவிழப்பு மனைவிக்கு மட்டும் என்று நினைப்பது பழைய பழக்கம். 2018-இல் மேக்மா வழக்குக்குப் பிறகு குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு. நான்கு பேருக்கு 1,93,600. எல்லாம் சேர்த்து 32,53,900.

இப்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "சுமார் 36 வயது" என்று டாக்டர் எழுதியிருந்து, உங்களிடம் டி.சி. இல்லை என்று வையுங்கள். பெருக்கும் எண் 15 ஆகிவிடும். 1,89,000 ரூபாய் போயிற்று. தாயின் பெயரை மனுவில் சேர்க்க மறந்திருந்தால் கழிவு மூன்றில் ஒரு பங்காகி ஒரே அடியில் 3,36,000 குறையும். அவருடைய உறவிழப்புத் தொகையும் போகும். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை என்றால் தாயை எதிர்மனுதாரராகவாவது சேருங்கள். விடக் கூடாது.

காயம் என்றால் கணக்கு வேறு மாதிரி. தீர்ப்பாயம் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். குழு தரும் ஊனச் சதவீதச் சான்று சி1 என்ற ஆவணமாகக் குறியீடாகும். பழைய எக்ஸ்ரேக்கள், ஆபரேஷன் குறிப்பு, அடையாள அட்டை இல்லாமல் மனுதாரரை அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பி வருவார், இரண்டு மாதம் போகும். வந்த சான்றில், சதவீதம் அந்தக் காலுக்கு மட்டுமா, முழு உடலுக்கா என்று பாருங்கள். இதைப் படிக்காமல் வாதம் செய்து அசடு வழிந்தவர்கள் நிறைய.

2010-இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கு சொன்ன பாடத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அதே கை போன அரசு எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். நம் தீர்ப்பாயங்களில், தொழில் பாதிப்பை நிரூபிக்காவிட்டால் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று போட்டு முடித்துவிடுவார்கள். நிரூபித்தால் பெருக்கும் எண் முறை வரும், எதிர்கால உயர்வும் சேரும். இரண்டுக்கும் நடுவே பல லட்சம். அதனால் மனுதாரர் சாரத்தில் ஏற முடியவில்லை, குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, சித்தாள் வேலைக்குக் கூட யாரும் கூப்பிடவில்லை என்பதெல்லாம் நிரூபண வாக்குமூலத்திலேயே இருக்க வேண்டும். "மிகுந்த வேதனைக்கு ஆளானார்" என்ற டெம்ப்ளேட் வரிக்கு மதிப்பில்லை.

தாக்கல், விசாரணை

உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம், முடிந்தால் ஓட்டுநர் ஆகியோரை எதிர்மனுதாரராகச் சேருங்கள். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர். அந்த பஸ்களுக்குப் பொதுவாகத் தனியாகக் காப்பீடு இருக்காது, கழகமே கட்டும். மைனர்களுக்குத் தாயைக் காப்பாளராகக் காட்டுங்கள். கேட்கும் தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம்; நியாயமான இழப்பீடு அதைவிட அதிகம் என்றால் தீர்ப்பாயம் தரலாம், கூடுதல் தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டச் சொல்வார்கள்.

மனுவுக்குக் கோர்ட் எண் கிடைப்பதற்கு முன் ஒருமுறையாவது குறை சொல்லித் திரும்பும். திரும்பியதை எடுத்து, தந்த கெடுவுக்குள் மீண்டும் போடாமல் குமாஸ்தா மேசையில் மறந்துவிட்ட கட்டுகள்தான் பின்னால் தாமத மன்னிப்பு மனுவாக வளர்கின்றன. எண்ணானதும் பேட்டா (நோட்டீஸுக்கான கட்டணம்) கட்டி நோட்டீஸ் அனுப்புவது, தபால் திரும்பி வந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. மூன்று வாய்தா நோட்டீஸுக்கே போனால், தவறு வேறு யார் மேலும் இல்லை.

உரிமையாளர் பெரும்பாலும் வர மாட்டார். அவர் வராமலே வழக்கு ஒருதலைப்பட்சமாகப் போனால், காப்பீட்டு நிறுவனம் 170-ஆவது பிரிவில் அனுமதி வாங்கி எல்லாத் தற்காப்பையும் எடுக்கும். அனுமதி மனு போட்டிருக்கிறதா என்று கட்டைப் பாருங்கள்.

முதல் சாட்சி மனைவி என்றால், முதல் கேள்வி "சம்பவத்தை நேரில் பார்த்தீர்களா?" என்பதாக இருக்கும். "இல்லை" என்ற பதிலோடு கவனக்குறைவு நிரூபணம் தொங்கும். குற்றப்பத்திரிகைச் சாட்சிப் பட்டியலில் உள்ள ஒருவரை அழைத்து வாருங்கள். பட்டியலில் இல்லாத புதுச் சாட்சி திடீரென்று வந்தால் அவர் தாக்குப்பிடிப்பது கஷ்டம். கிரிமினல் வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது அதிகம் சாத்தியம் என்று பார்த்தால் போதும் என்பதை வாதத்தில் நினைவூட்டலாம். இறந்தவர் மீதே எஃப்.ஐ.ஆர். போட்டு முடித்துவிட்ட வழக்குகளில் இது ஒன்றுதான் உயிர்.

மக்கள் நீதிமன்றம்

காப்பீட்டு நிறுவன அதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் தொகை எழுதி நீட்டுவார். அதற்கு முன்னால் உங்கள் கணக்கும், மனு தேதியிலிருந்து வட்டியும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். நம் ஊரில் ஏழரை சதவீதம் வழக்கம். மேலே பார்த்த தொகைக்கு வருடத்துக்குச் சுமார் 2,44,000. நீட்டும் தொகை வட்டியோடு சேர்த்தா, வட்டி தனியா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. மனுதாரர் நேரில் இருந்து, தமிழில் தொகையைக் கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். சீனியர் ஃபோனில் "முடிச்சிடு" என்று சொன்னது சம்மதம் ஆகாது. பொறுப்பில் சண்டை உள்ள வழக்குக்கு இது நல்ல வழி. பொறுப்பு தெளிவாக இருந்து, வருமான ஆதாரமும் வலுவாக இருந்தால் தீர்ப்பு வரைக்கும் போவதே மேல் என்பது எங்கள் கருத்து.

கட்டணம் பற்றி ஒரு பேச்சு

வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இழப்பீடு இப்போது நேராக மனுதாரர் கணக்குக்குப் போகிறது. கட்டணத்தை முதலிலேயே தொகையாகப் பேசி எழுதி வையுங்கள். மருத்துவமனை வாசலிலும் ஸ்டேஷனிலும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும், நிரப்பாத வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதும் தொழிலையே இழக்கவைக்கும் காரியங்கள். போலி விபத்து மனுக்களில் வழக்கறிஞர்கள் மேல் விசாரணை நடந்திருக்கிறது. சங்கத்தில் யாரும் வந்து காப்பாற்றவும் மாட்டார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தொகையை 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்று 168(3) சொல்கிறது. கட்டாவிட்டால் நிறைவேற்று மனு. போக்குவரத்துக் கழகம் கட்டாத வழக்குகளில் கோர்ட் ஊழியரான அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஜப்தி செய்யும் படம் பேப்பரில் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

மேல்முறையீடு 90 நாளுக்குள், சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ. சண்டைத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் வழியில்லை. நிறுவனம் மேல்முறையீடு போட்டால் தடை உத்தரவில் எவ்வளவு கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து, கட்டிய தொகையில் எடுக்க அனுமதித்ததை உடனே எடுத்துக் கொடுங்கள். தீர்ப்பில் குறைத்துப் போட்டிருந்தால் எதிர் ஆட்சேபம் (அதே மேல்முறையீட்டில் கூடுதல் தொகை கேட்பது) போட அதுவே தருணம்.

பணம் எடுக்கும் மனுவோடு மனுதாரரின் வங்கிப் பாஸ்புக், ஆதார், பான் நகல்கள் போக வேண்டும்.  மைனர்களின் பங்கு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாக இருக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வட்டியை எடுக்கத் தனி அனுமதி கேட்கலாம். இத்தனையும் தாண்டி வந்த கட்டு கடைசியில் ஒரு எழுத்தில் நிற்பது சகஜம்: மனுவில் "லட்சுமி", பாஸ்புக்கில் "மகாலட்சுமி", ஆதாரில் தகப்பனார் பெயரோடு "மு. லட்சுமி". கோர்ட் ஆபீஸ் திருப்பி அனுப்பும். பெயர் திருத்த மனு, இன்னும் இரண்டு வாய்தா. முதல் நாள் அந்தத் துணிக்கடைப் பையைப் பிரிக்கும்போதே பாஸ்புக்கை வாங்கி, அதில் உள்ளபடியே மனுவில் பெயரை டைப் செய்யுங்கள்; வேறு பெயர்கள் இருந்தால் "என்கிற" போட்டுச் சேர்த்துவிடுங்கள்.